கீழ் வாசலும் மேல் வாசலும்

"கண்ணை மூடிக்கிட்டு இழு" என்பார் என் குருநாதர். வேலூரில் அவருடைய மாலை நேரக் கிளினிக்கில் நான் உதவிக்கு நின்ற காலம் அது. பிடுங்கிய பல் ஒன்றைப் பிளாஸ்டர் கட்டியில் புதைத்து, அதன் வேர்க் கால்வாயை 30-ஆம் எண் வரை ஃபைல் போட்டு அகலப்படுத்தி வைத்திருப்பேன். அதே எண் கட்டா பெர்ச்சா கோனை அவரே உள்ளே இறக்கிவிட்டு, ட்வீசரை என் கையில் கொடுப்பார். கண்ணை மூடி, மெல்ல மேலே இழுக்க வேண்டும். கோன் சும்மா வழுக்கிக்கொண்டு வந்தால் ஒன்றும் பேசமாட்டார். நுனியில் அரை மில்லிமீட்டர் கத்தரித்து மறுபடியும் இறக்குவார். இப்படி எத்தனையோ முறை நடந்த பிறகு ஒருநாள் கோன் வரமாட்டேன் என்று ஒரு கணம் பிடித்து நின்று, பிறகு விட்டது. "கன்னுக்குட்டி வாயிலிருந்து காம்பை இழுத்தா ஒரு சின்னப் பிடி இருக்குமே, அந்த மாதிரி இருந்ததா? அதுதான் டக் பேக். படிச்சா வராது. விரலுக்கு வரணும்" என்றார்.

பள்ளிகொண்டாவில் நான் நாற்காலி போட்டு 26 வருடம் ஆகிறது. சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே திரும்பி, உத்திர ரங்கநாதர் கோயிலுக்குப் போகிற வழியில் மாடியில் ஓர் அறை. மேற்கே ஆம்பூர், கிழக்கே வேலூர், வடக்கே குடியாத்தம், பேரணாம்பட்டு. என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் தோலை நம்பிப் பிழைப்பவர்கள். ஷூ கம்பெனியில் அப்பர் தைக்கிற பெண்கள், டேனரியில் டிரம் பார்க்கிற ஆண்கள், சோலுக்குச் சொல்யூஷன் தடவுகிறவர்கள். மீதிப் பேர் பீடி, நெசவு, விவசாயம். வேர்ச்சிகிச்சை எத்தனை செய்தேன் என்று எண்ணி வைக்கவில்லை. கெட்டுப்போனவற்றை மட்டும் ஒரு நீலக் குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கிறேன். பி.டி.எஸ். முடித்து, சின்ன ஊரில் கிளினிக் திறக்கப் போகிற தம்பி தங்கைகளுக்கு, அந்த நோட்டிலிருந்துதான் இதை எழுதுகிறேன்.

வேர்ச்சிகிச்சை என்றால் நோயாளிக்கு "நரம்பை எடுக்கிறது". நமக்கு அது பாதி வேலை. நரம்பும் ரத்தக் குழாயும் இருந்த இடம் காலியாகிறது. தலைமுடி நுழையச் சிரமப்படும் சந்து, இருபது மில்லிமீட்டருக்கு மேலும் கீழுமான நீளம். அதைச் சும்மா விட்டால் மேலேயிருந்து எச்சில் இறங்கும், கீழே எலும்பிலிருந்து திரவம் ஏறும். எவ்வளவு கழுவினாலும் பக்கச் சந்துகளில் சில கிருமிகள் தங்கத்தான் செய்யும்; அந்தத் திரவம் அவற்றுக்குச் சாப்பாடாகிவிடும். அதனால்தான் அடைக்கிறோம். மேலேயிருந்து வருவது நிற்க வேண்டும், கீழேயிருந்து வருவது நிற்க வேண்டும், உள்ளே மிஞ்சியது பட்டினியில் புதைய வேண்டும். 1965-இல் ககேஹாஷி குழுவினர் கிருமியே இல்லாத சூழலில் வளர்த்த எலிகளின் பல் நரம்பைத் திறந்துவிட்டுப் பார்த்தார்கள். நரம்பு சாகவில்லை, திறந்த இடத்தின் மேல் பல்லே பாலம் கட்டிக்கொண்டது. சாதாரண எலிகளுக்கு நரம்பு அழுகி, வேர்நுனியில் சீழ் கட்டியது. நம் தொழிலில் எதிரி யார் என்று தெரிந்துகொள்ள அந்த ஒரு சோதனை போதும்.

அடைக்கிற பொருளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கட்டா பெர்ச்சா மலாய் நாட்டுப் பக்கத்து மரம் ஒன்றின் பால். ரப்பருக்கு ஒன்றுவிட்ட சகோதரன் என்று சொல்லலாம். 1867-இல் பௌமன் என்ற அமெரிக்கர் அதைக் கோனாகத் திரட்டி வேருக்குள் வைத்தார். இன்றுவரை அதற்கு ஈடு வரவில்லை. நீங்கள் டப்பியிலிருந்து எடுக்கிற இளஞ்சிவப்புக் கோனில் அந்த மரப்பால் ஐந்தில் ஒரு பங்குதான், பெரும்பகுதி ஜிங்க் ஆக்சைடு. அது பல்லோடு ஒட்டாது என்பதை முதலில் மனதில் பதித்துக்கொள்ளுங்கள். கோன் இடத்தை நிரப்பும், அவ்வளவுதான். சுவருக்கும் கோனுக்கும் நடுவில் ஒட்டுவது சீலர். சீலர் கனமாக இருந்தால் நாளாக ஆகக் கரையும், சுருங்கும். அதனால் கோன் முடிந்தவரை நிறைந்திருக்க வேண்டும், சீலர் முடிந்தவரை மெல்லியதாக இருக்க வேண்டும். பழைய பக்கவாட்டு முறை, ஷில்டர் 1967-இல் எழுதிய சூடாக்கி இறுக்கும் முறை, இன்றைய ஒற்றைக் கோன், எல்லாமே இந்தக் கணக்கை வேறு வேறு வழியில் போடுவதுதான்.

சீலர் கலக்குவது எங்கள் ஊரில் தனி வித்தை. கண்ணாடிப் பலகையில் ஜிங்க் ஆக்சைடுப் பொடியையும் யூஜினாலையும் கலக்கி, ஸ்பாடுலாவைத் தூக்கினால் ஓர் அங்குலம் இழை நீண்டு அறுபட வேண்டும் என்பது விதி. கிராஸ்மன் காலத்து விதி, இன்றும் மாறவில்லை. வேலூர் மாவட்டத்துக் கத்திரி வெயிலில் அந்த இழை வருவதற்குள் கலவை இறுகத் தொடங்கிவிடும். முதல் வருட மே மாதத்தில் மூன்றாவது கால்வாய்க்கு வருவதற்குள் சீலர் மண்ணாகிப் போனது. அப்படியே திணித்தேன், எக்ஸ்ரேயில் நடுவில் கறுப்பாக ஓர் இடைவெளி. சூட்டிலும் ஈரக்காற்றிலும் இந்தக் கலவை சீக்கிரம் கெட்டியாகும் என்று பரீட்சைக்குப் படித்தவன்தான். ஆனாலும் பல் கெட்ட பிறகுதான் உறைத்தது. அன்றிலிருந்து கண்ணாடிப் பலகையைப் பானைத் தண்ணீரில் குளிரவைத்து, ஒரு பொட்டு ஈரம் இல்லாமல் துடைத்து, ஒரு கால்வாய்க்கு ஒரு கலவை என்று கலக்குகிறேன். நேரம் பிடிக்கும். பிடிக்கட்டும்.

ஸ்ப்ரெடரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மாஸ்டர் கோன் பக்கத்தில் ஸ்ப்ரெடரை இறக்கி, அளந்த நீளத்துக்கு இரண்டு மில்லிமீட்டர் முன்னால் வரை போக வேண்டும். அது போகாவிட்டால் அடிப்பகுதி இறுகாமலே மேல்பகுதி மட்டும் கோன் கோனாக நிரம்பும். படத்தில் அழகாகத் தெரியும், உள்ளே பொத்தல். குருநாதர் ஸ்ப்ரெடரை மூன்று விரலில் பேனா மாதிரிதான் பிடிப்பார். உள்ளங்கையால் அழுத்தவே விடமாட்டார். அவரை விட்டுத் தனியே வந்த இரண்டாவது வருடம், மேல் முன்கடவாய்ப் பல் ஒன்றில் இன்னும் ஒரு கோன், இன்னும் ஒரு கோன் என்று பலம் கொடுத்தேன். நறுக்கென்று ஒரு சத்தம். சத்தம் என்றுகூடச் சொல்ல முடியாது, விரலில் ஒரு விட்டுக்கொடுப்பு. எட்டு மாதம் கழித்து அந்த வேர் நெடுக்காகப் பிளந்திருப்பது தெரிந்தது. பல்லை எடுக்க வேண்டியதாயிற்று. போதும் என்று விரல் சொல்கிற இடத்தில் நிறுத்தத் தெரிவதும் இறுக்கத் தெரிவதில் சேர்ந்ததுதான்.

ஈரத்துக்கு வருகிறேன். பாலாற்றைப் பார்த்திருப்பீர்கள். வருடத்தில் பெரும்பாலான நாள் வெறும் மணல். காய்ந்து கிடக்கிறது என்று நினைத்தால் நினைத்துக்கொள்ள வேண்டியதுதான். கையால் தோண்டினால் ஊற்று எடுக்கும். வேர்க் கால்வாயும் அப்படியே. மேலே பார்த்தால் காய்ந்திருக்கும், கடைசி இரண்டு மில்லிமீட்டரில் கசிந்துகொண்டிருக்கும். பேப்பர் பாயிண்ட்டை அளந்த நீளத்துக்கு இறக்கி, ஒரு நிமிடம் வைத்து எடுத்து, விளக்குக்கு நேரே பிடித்துப் பாருங்கள். நுனி மட்டும் ஈரமாக இருந்தால், மஞ்சளாக இருந்தால், ஒரு புள்ளி ரத்தம் இருந்தால், அன்றைக்கு அடைக்காதீர்கள். கால்சியம் ஹைட்ராக்சைடு வைத்து மூடி அனுப்புங்கள். ஒரு பெரியவரின் முன்பல்லில் மூன்று பேப்பர் பாயிண்ட் ஈரமாக வந்தது. நாலாவது காய்ந்து வந்தது. காய்ந்தது என்று அடைத்தேன். மூன்றாம் நாள் உதடு வீங்கி வந்தார். நாலாவது காய்ந்து வந்ததற்குக் காரணம், முதல் மூன்றும் அந்த நேரத்து ஊற்றை உறிஞ்சிவிட்டிருந்தன என்பதுதான். இப்போது காய்ந்த பிறகும் இரண்டு நிமிடம் காத்திருந்து இன்னொன்று இறக்குகிறேன்.

பேரணாம்பட்டிலிருந்து ஒரு பாய் வருவார். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுக் குழியில் தோல் பதப்படுத்திய காலத்து ஆள். நான் சேர்ந்தாற்போல் இரண்டு தடவை வரச்சொல்லிக் கழுவிக் கழுவி அனுப்பியதில் அவருக்குக் கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். அவர் கண்ணாடி வழியாக ஃபைலையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: "நல்லா எடுங்க டாக்டர். தோல்ல சதை ஒட்டிக்கிட்டு இருந்தா மேல எவ்ளோ பட்டை போட்டாலும் உள்ள அழுகும். பளபளன்னு பாலிஷ் பண்ணி அனுப்புவாங்க, ரெண்டு மாசத்துல நாத்தம் வரும்." அடைப்பைப் பற்றி எனக்குக் கிடைத்த மிகச் சரியான பாடம் அது.

ஏனென்றால் நம் பாடப்புத்தகங்களில் வாஷிங்டன் ஆய்வு என்று ஒன்று வரும். இங்கிள் நடத்தியது. தோற்ற சிகிச்சைகளில் 58.66 விழுக்காட்டுக்குக் காரணம் கால்வாய் முழுமையாக அடைக்கப்படாதது என்ற எண்ணைப் பரீட்சைக்காக எல்லோரும் மனப்பாடம் செய்தோம். அதைப் படித்து, எப்படியாவது வெள்ளைக்கோடு நுனிவரை போனால் போதும் என்று நம்பியவர்களில் நானும் ஒருவன். எக்ஸ்ரேயில் குறைவாகத் தெரிகிற அடைப்பு, பெரும்பாலும் குறைவாகக் கழுவியதற்குச் சாட்சி. ஃபைல் போகாத இடத்துக்குக் கோன் போகாது, கால்வாயைக் கழுவும் ஹைப்போவும் போயிருக்காது. நோய்க்குக் காரணம் போகாத ஹைப்போ. ஷோக்ரன் 1997-இல் அடைக்கும் நாளன்று கால்வாயில் கிருமி இருந்ததா என்று வளர்த்துப் பார்த்துவிட்டு, பிறகு ஐந்து வருடம் வரை தொடர்ந்து பார்த்தார். கிருமி இல்லாமல் அடைத்தவற்றில் 94 விழுக்காடு ஆறின, இருந்தபடி அடைத்தவற்றில் 68. அடைத்த கை அதே கைதான், பொருளும் அதே பொருள்தான். பாய் சொன்னது சரி.

ஆகவே ஹைப்போவை மூன்று விழுக்காட்டில், ஊசியைச் சிக்கவிடாமல், கால்வாய்க்குக் கால்வாய் நிறைய விடுங்கள். கடைசியில் ஈ.டி.டி.ஏ. 17 விழுக்காட்டில் ஒரு நிமிடம், சுவரில் அப்பியிருக்கும் மாவைக் கரைக்க. அந்த மாவு போனால்தான் சீலர் சுவரைப் பிடிக்கும். ஷூவுக்குச் சோல் ஒட்டுகிறவரைக் கேளுங்கள், தோலைச் சுரண்டித் தூசி தட்டாமல் சொல்யூஷன் தடவினால் என்ன ஆகும் என்று சொல்வார். மேல் முதல் கடவாய்ப் பல்லில் நாலாவது கால்வாயைத் தேடாமல் மூடாதீர்கள். அதற்காகவே என் நோட்டில் ஒரு பக்கம் முழுக்கப் போயிருக்கிறது. மூன்றை அழகாக அடைத்து, நாலாவதுக்குள் அழுக்கை வைத்துச் சீல் வைத்த கதைகள் அவை.

நீளம் தவறுவது இன்னொன்று. நுனிக்கு அரை முதல் ஒரு மில்லிமீட்டர் முன்னால் நிற்க வேண்டும். தாண்டினால் எலும்புக்குள் போகும், உடல் அதைக் கல்லாகப் பார்க்கும். 2008-லிருந்து 2012 வரை நம் மாநிலத்தில் மின்வெட்டு எப்படியிருந்தது என்று உங்கள் பெற்றோரைக் கேளுங்கள். நாற்காலியில் ஆள் வாயைத் திறந்தபடி இருப்பார், கரண்ட் போகும், எக்ஸ்ரே எடுக்க முடியாது. பேட்டரியில் ஓடும் அபெக்ஸ் லொகேட்டர் ஒன்று, பேப்பர் பாயிண்ட்டில் ஈரம் தொடங்கும் இடம் ஒன்று, கோனின் பிடி ஒன்று. மூன்றும் ஒரே அளவைச் சொன்னால் அடைத்தேன், இரண்டு மட்டும் சொன்னால் காத்திருந்தேன். குருநாதர் கண்ணை மூடச் சொன்னதன் அருமை அந்த வருடங்களில்தான் முழுதாகப் புரிந்தது.

இதுவரை சொன்னதெல்லாம் கீழ் வாசல். முதல் சில வருடம் நான் கீழ் வாசலை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆறாவது வருடம் ஆம்பூர்ப் பக்கத்து ஷூ கம்பெனி ஒன்றில் அப்பர் தைக்கிற பெண் வந்தாள். இருபத்து மூன்று, இருபத்து நாலு வயதிருக்கும். கீழ் இடது முதல் கடவாய்ப் பல். மூன்று உட்காரலில் முடித்தேன். அந்தப் படத்தைப் போல் அதற்கு முன் நான் எடுத்ததில்லை. முன்வேரின் இரண்டு கால்வாய்களும் நுனியில் சேர்கிற இடம்கூடத் தெரிந்தது, ஒரு பொத்தல் இல்லை. ஃபிலிமைக் கழுவிக் காயவைத்து அவளிடமே காட்டினேன். ஒரு வாரம் லைட் பாக்ஸிலேயே மாட்டி வைத்திருந்தேன். தற்காலிக சிமெண்ட் வைத்து, "பத்து நாளில் வந்து கேப் போட்டுக்கணும்மா" என்றேன். சரி என்று போனாள்.

பதினாலு மாதம் கழித்து வந்தாள். கன்னம் வீங்கியிருந்தது. சிமெண்ட் எப்போதோ விழுந்துவிட்டிருந்தது. குழிக்குள் சோற்றுப் பருக்கை, அதற்கடியில் என் கட்டா பெர்ச்சா வாய் திறந்து கிடந்தது. ஃபைலை வைத்ததும் நாற்றம். படம் எடுத்தேன், அதே அழகான மூன்று வெள்ளைக்கோடுகள், இரண்டு வேர்நுனியிலும் புதிதாகக் கறுப்பு வட்டம். ஏன் வரவில்லை என்று கேட்டேன். "வலி இல்ல சார். லீவு போட்டா அந்த மாச அட்டெண்டன்ஸ் போனஸும் சேர்ந்து போயிடும். கம்பெனி பஸ்ஸு காலைல ஆறரைக்கு, திரும்ப ராத்திரி ஏழாவது" என்றாள். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுக் கேட்டாள்: "நல்லா பண்ணியிருக்கேன்னு படம் காட்டினீங்களே சார்?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. அன்று இரவு குருநாதர் செய்யவைத்த ஒரு சோதனை நினைவுக்கு வந்தது. நாங்கள் அடைத்த, பிடுங்கிய பற்களின் வேர்ப்புறமெல்லாம் நகப்பூச்சு பூசி, மேல் வாசலை மட்டும் திறந்துவிட்டு, கறுப்பு மையில் ஒரு வாரம் ஊறப்போடுவார். பிறகு ஐந்து விழுக்காடு நைட்ரிக் அமிலத்தில், தினமும் மாற்றி, பல்லை மெத்தென்று ஆக்கி, ஆல்கஹாலில் 80, 90, 100 என்று ஏற்றி ஈரத்தை எடுத்து, கடைசியில் மெதைல் சாலிசிலேட்டில் போடுவார். மூட்டுவலித் தைலம் மணக்கும் அந்தத் திரவத்துக்குள் பல் கொஞ்சம் கொஞ்சமாகக் கண்ணாடியாகும். உள்ளே இளஞ்சிவப்புக் கோன், அதைச் சுற்றி மேலேயிருந்து மை கறுப்பு நூலாக இறங்கியிருக்கும். என் பல்லில் பாதி வேருக்கு மேல் இறங்கியிருந்தது. நான் இறுக்கியது போதவில்லை என்று அன்று எடுத்துக்கொண்டேன். குருநாதரின் பல்லிலும் மை இறங்கியிருந்ததை நான் பார்த்தேன். அதைப் பற்றி யோசிக்கவில்லை. யார் அடைத்தாலும் மேல் வாசல் திறந்திருந்தால் மை இறங்கும் என்று காட்டத்தான் அவர் தன் பல்லையும் சேர்த்துப் போட்டிருக்கிறார்.

பிறகுதான் ஆய்வுகளைத் தேடிப் படித்தேன். ரே, டிரோப் இருவரும் 1995-இல் அமெரிக்காவில் 1010 பற்களின் எக்ஸ்ரேக்களைப் பார்த்தார்கள். வேர் அடைப்பும் மேல் அடைப்பும் நன்றாக இருந்த பற்களில் 91.4 விழுக்காட்டில் வேர்நுனி சுத்தம். இரண்டும் மோசமென்றால் 18.1. நடுவிலுள்ள இரண்டு எண்களைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன். வேர் அடைப்பு நன்று, மேல் அடைப்பு மோசம்: 44.1. வேர் அடைப்பு மோசம், மேல் அடைப்பு நன்று: 67.6. இது பல ஆய்வுகளில் ஒன்று. பின்னால் வந்தவை, 2011-இல் பலவற்றைத் தொகுத்துப் பார்த்தது உட்பட, இரண்டு வாசலும் ஏறக்குறைய சமம் என்றே சொல்கின்றன. நானும் அதைத்தான் நம்புகிறேன். டோராபினஜாட் 1990-இல் காட்டியதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: மேலே மூடாமல் விட்ட வேர்களில் பாதி, கிருமியைப் பொறுத்து 19 நாளிலோ 42 நாளிலோ, நுனிவரை கிருமி இறங்கிவிட்டது. நான் அந்தப் பெண்ணுக்குக் கொடுத்தது பதினாலு மாதம்.

அவளுடைய பல்லை மறுபடி திறந்தேன். யூகலிப்டால் சொட்டுவிட்டுப் பழைய கோனை இளக்கி, எச் ஃபைலால் கொஞ்சம் கொஞ்சமாக உருவி, மருந்து வைத்து, ஆறு வாரம் கழித்து அடைத்தேன். அன்றே, அதே உட்காரலில், நிரந்தர அடைப்பு. அடுத்த ஞாயிறு கேப் அளவு. முதல் தடவை செய்யத் தவறியது என் பொறுப்பு, அதனால் காசு வாங்கவில்லை.

அதன் பிறகு என் முறையை மாற்றிக்கொண்டேன். வேர்ச்சிகிச்சைக்குத் தனி விலை, கேப்புக்குத் தனி விலை என்று சொல்வதை விட்டேன். ஒரே தொகை, கேப்போடு சேர்த்து, தவணையில் கொடுக்கலாம். தனித்தனியாகச் சொன்னால், வலி நின்றதும் இரண்டாவது விலை தேவையில்லாததாகத் தெரியும், அது மனித சுபாவம். கேப் போடாத கடவாய்ப் பற்கள் போட்டவற்றைவிட ஆறு மடங்கு வேகமாக இழக்கப்படுகின்றன என்று அக்விலினோ, கேப்லன் 2002-இல் எழுதியதை நோயாளிக்குச் சொன்னால் யாருக்கும் புரிவதில்லை. "அம்மா, வீட்டைக் கட்டிட்டுக் கூரை போடாம விட்டா மழைக்கு நிக்குமா?" என்று கேட்டால் புரிகிறது. ஞாயிறு முழு நாளும், மற்ற நாள் இரவு ஒன்பது வரையும் கிளினிக் திறந்திருக்கிறது. லீவு போடாமல் வர முடிகிற நேரத்தைக் கொடுக்காமல், வரவில்லை என்று அவர்களைக் குறை சொல்ல நமக்கு வாயில்லை.

நாற்காலியில் செய்வது இது. பழைய சொத்தையையும் பழைய அடைப்பையும் முழுக்க எடுத்த பிறகே வேரைத் தொடுகிறேன். ரப்பர் டேம் இல்லாமல் திறப்பதில்லை. பார்னம் 1864-இல் கண்டுபிடித்த அந்த ரப்பர் தாளைப் பார்த்து முதலில் மிரளுவார்கள், மருந்து தொண்டைக்குப் போகாது என்று சொன்னால் சம்மதிப்பார்கள். அடைத்து முடித்ததும் ஒவ்வொரு கால்வாயின் வாயிலும் கட்டா பெர்ச்சாவை இரண்டு மில்லிமீட்டர் கீழே வெட்டிவிட்டு, அந்தக் குழியைக் கிளாஸ் அயனோமரால் தனியே அடைக்கிறேன். அதன்மேல்தான் பெரிய அடைப்பு. நடுவில் தற்காலிக சிமெண்ட் வைக்க நேர்ந்தால் நாலு மில்லிமீட்டர் கனத்துக்குக் குறையாமல் வைக்கிறேன். அதற்கடியில் பஞ்சு வைத்தால் ஒரு இழைகூட ஓரத்தில் சிக்கக்கூடாது. அந்த ஓர் இழை விளக்குத் திரி எண்ணெயை இழுக்கிற மாதிரி எச்சிலை உள்ளே இழுத்துக்கொண்டே இருக்கும். இதை நோட்டில் இரண்டு முறை எழுதியிருக்கிறேன், இரண்டு வேறு வேறு வருடங்களில். போஸ்ட் வைக்கக் கோனை எடுக்க வேண்டியிருந்தால் நுனியில் ஐந்து மில்லிமீட்டர் மிச்சம் வைத்துவிடுங்கள். கீழ் வாசலைக் காவலில்லாமல் விட்டுவிட்டு மேல் வாசலைப் பூட்டிப் பயனில்லை.

இப்போது பயோசெராமிக் சீலர் வந்திருக்கிறது. ஈரத்தில் இறுகும், சுருங்காது, ஒற்றைக் கோன் போதும் என்கிறார்கள். நானும் ஐந்தாறு வருடமாகப் பயன்படுத்துகிறேன். நல்ல பொருள். சின்ன, உருண்டையான கால்வாய்களில் அதையே வைக்கிறேன். அகலமான, தட்டையான கால்வாயில் இன்றும் ஸ்ப்ரெடரை எடுக்கிறேன். சிரிஞ்சில் தயாராக வருவதால் கண்ணாடிப் பலகையில் இழை இழுத்துப் பார்க்கிற பழக்கம் புதியவர்களுக்கு வராமல் போகிறது, அது மட்டும் எனக்குக் கவலை. பொருள் மாறும். கழுவுவதும், காய்வதும், கோனின் பிடியும், அன்றே மேலே மூடுவதும் மாறாது.

வெற்றி என்பதையும் தெளிவாக வைத்துக்கொள்ளுங்கள். நோயாளிக்கு வலி நின்றால் வெற்றி. நமக்கு ஒரு வருடம் கழித்து எடுத்த படத்தில் வேர்நுனிக் கறுப்பு சுருங்கியிருந்தால்தான் பாதி வெற்றி. நாலு வருடம் வரைகூடப் பார்க்க வேண்டியிருக்கும். நான் அடைத்த தேதியிலேயே அடுத்த வருடத் தேதியையும் குறித்து வைத்து, போன் செய்து கூப்பிடுகிறேன். நம்பர் மாற்றியிருப்பார்கள், வேறு கம்பெனிக்குப் போயிருப்பார்கள். பத்தில் நாலு பேர் வந்தாலும் அந்த நாலு படமும் ஏதாவது கற்றுக்கொடுக்கும்.

அந்தப் பெண்ணுக்கு இப்போது கல்லூரி போகிற மகள் இருக்கிறாள். போன பொங்கலுக்கு முன்னால் மகளின் சொத்தைப் பல்லைக் காட்ட இருவரும் வந்தார்கள். அவளுடைய பல்லையும் ஒரு படம் எடுத்தேன். கேப் தேய்ந்திருக்கிறது, எலும்பு முழுக்க நிரம்பியிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமைகளில் கம்பெனி ஆட்கள் கூட்டம், பேச நேரம் இருக்காது. செவ்வாய் மதியம் இரண்டிலிருந்து நாலு வரை கிளினிக் காலியாக இருக்கும். பிடுங்கிய பற்கள் ஒரு பெரிய பாட்டில் நிறைய ஃபார்மலினில் போட்டு வைத்திருக்கிறேன், பிளாஸ்டரும் மெதைல் சாலிசிலேட்டும் இருக்கின்றன. கற்றுக்கொள்ள விருப்பம் இருக்கிறவர்கள் வாருங்கள். ஃபைல் மட்டும் சொந்தமாகக் கொண்டுவாருங்கள்.